டிரினிடாட் யார் கூட போனா நல்லது: கராகஸா, வாஷிங்டனா, சொந்தக் கடலா?

மேப்ல டிரினிடாட்டைத் தேடிப் பாருங்க, வெனிசுவேலாவுல இருந்து ஒரு துண்டு பிய்ஞ்சு கடல்ல விழுந்த மாதிரிதான் இருக்கும். நடுவுல ரொம்பக் கிட்டக்க இருக்கற இடத்துல வெறும் 11 கிலோமீட்டர் தண்ணி. இந்தப் பக்கம் டொபேகோவையும் சேத்து 14 லட்சம் பேர், அந்தப் பக்கம் 3 கோடிக்கு கொஞ்சம் கம்மி. டிசம்பர் வந்தா டிரினிடாட்காரங்க ஸ்பானிஷ்ல பராங் பாட்டு பாடிக்கிட்டு வீடு வீடா போவாங்க, சோள மாவுக்குள்ள கறிய வச்சு வாழை இலையில மடிச்சு வேகவெச்ச பாஸ்டெல் சாப்பிடுவாங்க, இதே ஐட்டம் கொஞ்சம் பெரிய சைஸ்ல எதிர்க்கரையில அயாக்கா. சாப்பாடும் ஒண்ணு பாட்டும் ஒண்ணு, ஆனா ரெண்டு அரசாங்கமும் வாயத் தொறந்தா பாதி நாள் சண்டைதான்.

ரெண்டு மாசமா இந்த விஷயத்தைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். இந்தச் சின்ன தீவு அந்தப் பெரிய பக்கத்து வீட்டுக்காரன் கூட எப்படி இருந்தா அதுக்கு லாபம்னு ஒரு கேள்வி, அதுக்கு நாலு விதமா பதில் சொல்றாங்க. வெனிசுவேலா தலைநகர் கராகஸ் கூட கேஸ் டீல் போட்டு ஒட்டிக்கோ, அமெரிக்கா பக்கம் முழுசா சாஞ்சுடு, கேரிகாம்ங்கற கரீபியன் கூட்டமைப்பு நாடுங்களோட சேர்ந்து நடுவுல நில்லு, இல்ல யாரையும் நம்பாம உன் கடல்ல இருக்கறத தோண்டு. நான் எந்தப் பக்கம்னு கடைசி வரைக்கும் சஸ்பென்ஸ் வெக்கல, எனக்கு நாலாவதுதான், அதோட மூணாவதுல இருந்து கொஞ்சம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல பசி என்னன்னு தெரியணும். கரீபியன்னாலே பீச், ஓட்டல், டூரிஸ்ட்னு நினைப்போம், டிரினிடாட் அப்படி இல்ல (டொபேகோ வேற கதை), அது கேஸ்ல ஓடற நாடு. வீட்டு கரண்ட் கிட்டத்தட்ட முழுசும் கேஸ்ல இருந்துதான் வருது. பாயிண்ட் லிசாஸ்ல வரிசையா அம்மோனியா, மெத்தனால் ஃபேக்டரிங்க. பாயிண்ட் ஃபோர்ட்டின்ல எல்என்ஜி பிளான்ட், 1999-ல முதல் ட்ரெய்ன் ஓட ஆரம்பிச்சுது, ட்ரெய்ன்னா ரயில் இல்ல, கேஸைக் குளிர வெச்சு திரவமாக்கற யூனிட்டுக்கு அங்க அதான் பேரு. மொத்தம் நாலு ட்ரெய்ன், அந்த முதல் ட்ரெய்ன் 2020 கடைசில இருந்து சும்மா நிக்குது, போடறதுக்கு கேஸ் இல்ல. 2010 வாக்குல ஒரு நாளைக்கு 430 கோடி கன அடி எடுத்துக்கிட்டு இருந்தாங்க, இப்ப 250 கோடிதான். அடுப்பு நாலு இருக்கு, அரிசி ரெண்டு அடுப்புக்குதான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. எதிர்க்கரையில சுமார் 200 லட்சம் கோடி கன அடி கேஸ் மண்ணுக்கடியில தூங்குது, அதை எடுக்க அவங்களுக்கு பைப்பும் இல்ல பிளான்ட்டும் இல்ல. இவங்ககிட்ட எல்லாம் காலியா இருக்கு. பேப்பர்ல பாத்தா இதைவிட பொருத்தமான ஜாதகம் கிடைக்காது.

அந்த ஜாதகத்தை நம்பிதான் முதல் வழி. டிராகன்னு ஒரு கேஸ் வயல், வெனிசுவேலா கடல்ல, பாரியா தீபகற்பத்துக்கு வடக்க, சுமார் 4 லட்சம் கோடி கன அடி. அங்கிருந்து டிரினிடாட் பக்கத்து ஹிபிஸ்கஸ் பிளாட்ஃபாரத்துக்கு 20 கிலோமீட்டருக்கும் கம்மியா பைப் போட்டா போதும், ஹிபிஸ்கஸ்ல இருந்து கரைக்கு பைப்லைன் ஏற்கனவே இருக்கு.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை, நம்மூர் சம்பந்தம் இருக்கறதால சொல்லிடறேன். இந்த டிராகன்ல 2010-ல கிணறு தோண்டிக்கிட்டு இருந்த ரிக் பேரு அபான் பேர்ல், சென்னைல தலைமை ஆபீஸ் வெச்சிருக்கற அபான் ஆஃப்ஷோர் கம்பெனியோடது. மே 13-ம் தேதி அதிகாலைல அது அப்படியே சாஞ்சு மூழ்கிப் போச்சு. 95 பேர் மேல இருந்தாங்க, அத்தனை பேரையும் உயிரோட காப்பாத்திட்டாங்க. அப்போ வெனிசுவேலா ஜனாதிபதியா இருந்த சாவேஸ் தன்னோட ட்விட்டர்ல நியூஸ் போட்டார். டிராகனுக்கு அப்ப இருந்தே நேரம் சரியில்லன்னு நான் நினைச்சுக்குவேன், ஆனா உண்மைல அதைவிடப் பெரிய சிக்கல் கடலுக்கு மேல இருந்துச்சு.

2018 ஆகஸ்ட்ல டிரினிடாட் பிரதமர் கீத் ரௌலி கராகஸ் போய் வெனிசுவேலா ஜனாதிபதி மதுரோ கூட டிராகன் அக்ரிமென்ட் போட்டார். அஞ்சே மாசம், 2019 ஜனவரில வெனிசுவேலா அரசு எண்ணெய் கம்பெனி பிடிவிஎஸ்ஏ மேல அமெரிக்கா தடை போட்டுச்சு, அதோட ஃபைல் மூடியாச்சு. நாலு வருஷம் வாஷிங்டன் வாசல்ல காத்துக்கிட்டு இருந்து 2023 ஜனவரில தடையில விலக்கு குடுக்கற ஒரு லைசென்ஸ் வாங்கினாங்க, ஆனா மதுரோ கைக்கு ரொக்கமா காசு போகக்கூடாதுன்னு கண்டிஷன், கேஸ் வித்துட்டு காசு வாங்காம இருக்க மதுரோ என்ன தண்ணிப்பந்தலா நடத்தறார், ஒத்துக்கல. அக்டோபர்ல அந்த கண்டிஷனைத் தளர்த்தினாங்க, டிசம்பர்ல வெனிசுவேலா 30 வருஷ லைசென்ஸ் குடுத்துச்சு எண்ணெய் கம்பெனி ஷெல்லுக்கும் டிரினிடாட் அரசு கேஸ் கம்பெனி என்ஜிசிக்கும். அப்பாடான்னு உக்காந்தாங்க. 2025 ஏப்ரல்ல டிரம்ப் அரசாங்கம் லைசென்ஸை ரத்து பண்ணிடுச்சு.

பேங்க் லாக்கர் தெரியும்ல, ஒரு சாவி நம்மகிட்ட, இன்னொரு சாவி பேங்க்ல, ரெண்டும் சேர்ந்தாதான் தொறக்கும். டிராகனும் ரெண்டு சாவி லாக்கர்தான், ஆனா ஒரு சாவி கராகஸ்ல, இன்னொரு சாவி வாஷிங்டன்ல. டிரினிடாட் கையில இருக்கறது லாக்கர் நம்பர் எழுதின சீட்டு மட்டும். முதல் வழியைப் பேசறவங்க இதைச் சரியா சொல்றதே இல்லைங்கறதுதான் என் குறை. கேஸ் எவ்ளோ, பைப் எத்தனை கிலோமீட்டர், எத்தனை கோடி டாலர்னு பேசுவாங்க, சாவியப் பத்தி பேச மாட்டாங்க.

இந்த வழிக்கு நியாயமே இல்லைன்னு சொல்ல வரல. பக்கத்து நாட்டை மாத்திக்க முடியாது, 1498-ல கொலம்பஸ் வந்தப்பவும் அங்கதான் இருந்துச்சு, 1797 வரைக்கும் ரெண்டுமே ஸ்பெயின்காரன் கையில இருந்ததுதான். அப்புறம் பிரிட்டிஷ்காரன் டிரினிடாட்டைப் புடிச்சான், 1942-ல நடுக்கடலை பங்கு போட்டு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, பாட்டோஸ்னு ஒரு குட்டித் தீவை வெனிசுவேலாவுக்கு விட்டுக் குடுத்து சோல்டாடோ பாறைய வெச்சுக்கிட்டாங்க. 1990-ல சுதந்திர டிரினிடாட் திரும்ப உக்காந்து எல்லையப் பேசி முடிச்சுது. அதாவது பேசினா முடியும். ஆனா பெரியவன் முகம் சுளிச்சா சின்னவனுக்கு எப்படி வலிக்கும்னும் அனுபவம் இருக்கு, 1880-கள்ல வெனிசுவேலா இந்தத் தீவுங்கள்ல இருந்து வர்ற சரக்குக்கு 30 சதவீதம் கூடுதல் வரி போட்டுச்சு, அது 1960-கள் வரைக்கும் நீடிச்சுது. ஒரு கோபத்துக்கு எண்பது வருஷம் வட்டி!

ரெண்டாவது வழிக்கு வருவோம், இப்ப நாட்டை நடத்தற கமலா பெர்சாட்-பிஸ்ஸேசர் எடுத்த வழி. 2025 ஏப்ரல் 28 தேர்தல்ல ஜெயிச்சு வந்தாங்க. அவங்க பக்க நியாயத்தை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் அவங்களை அமெரிக்காவுக்கு ஜால்ரான்னு ஒத்த வார்த்தைல முடிச்சுடறாங்க. 2024-ல அந்த 14 லட்சம் பேர் இருக்கற நாட்டுல 600-க்கும் மேல கொலை, வருஷக் கடைசில எமர்ஜென்சி போடற அளவுக்கு. துப்பாக்கியும் போதைப்பொருளும் நிறைய அந்த 11 கிலோமீட்டர் தண்ணி வழியா சின்ன போட்ல வருது. அந்த போட்டை நிறுத்தறதுக்கு அவங்க கோஸ்ட் கார்டுக்கு தெம்பு இல்ல. அமெரிக்கா வந்து நிறுத்தறேன்னா வேண்டாம்னு எந்தப் பிரதமர் சொல்லுவாங்க?

சரி, ஆனா எப்படிச் சொன்னாங்கங்கறதுதான் இங்க மேட்டர். 2025 செப்டம்பர் 2-ம் தேதி அமெரிக்கா கரீபியன்ல முதல் போட்டை அடிச்சு 11 பேர் செத்தாங்க, உடனே இவங்க கடத்தல்காரங்க மேல எனக்கு இரக்கமே இல்ல, எல்லாரையும் கொடூரமா கொல்லணும்னு அறிக்கை விட்டாங்க. வேடிக்கை என்னன்னா அதே மாசக் கடைசில வாஷிங்டன் போய் அமெரிக்க வெளியுறவு மந்திரி ரூபியோவைப் பாத்து பேசினாங்க, அக்டோபர் ரெண்டாவது வாரத்துல டிராகனுக்கு புது அமெரிக்க லைசென்ஸ் வந்துடுச்சு! ஒரு சாவி கையில வந்த மாதிரி. அக்டோபர் 26, அமெரிக்கப் போர்க்கப்பல் கிரேவ்லி டிரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் துறைமுகத்துல வந்து நின்னுச்சு. அடுத்த நாளே மதுரோ கேஸ் அக்ரிமென்ட் எல்லாத்தையும் நிறுத்தினார், அதுக்கடுத்த நாள் வெனிசுவேலா பார்லிமென்ட் கமலாவை வேண்டாத ஆள்னு அறிவிச்சுது. ஒரு சாவியக் கொண்டு வர்றதுக்குள்ள இன்னொரு சாவி போச்சு, மூணே வாரத்துல.

இதுல எனக்கு உறுத்தற இடம் இன்னொண்ணு. அக்டோபர் நடுவுல அடிச்ச ஒரு போட்ல ரெண்டு டிரினிடாட் ஆளுங்க இருந்தாங்கன்னு வடக்குக் கரையில லாஸ் குவேவாஸ்ங்கற மீனவ ஊர்ல சொந்தக்காரங்க அழுதாங்க. அரசாங்கம் உறுதியா தகவல் இல்லன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. அவங்க கடத்தல்காரங்களா மீனவங்களான்னு விசாரிக்க போட்டும் இல்ல ஆளும் இல்ல, எல்லாம் தண்ணிக்கடியில. கூட்டாளி பண்ற காரியத்துக்கு கணக்கு கேக்கற உரிமைய நீங்க முதல் நாளே விட்டுக் குடுத்துட்டா, உங்க ஊர்க்காரன் செத்தாலும் நீங்க வாயத் தொறக்க முடியாது. நவம்பர்ல டொபேகோ ஏர்போர்ட்ல அமெரிக்க மரைன்ஸ் வந்து எறங்கினப்போ முதல்ல ரோடு வேலைன்னு பேச்சு, அப்புறம்தான் ரேடார்னு வெளிய வந்துச்சு. சொந்த ஜனத்துக்கிட்ட ரேடாரை ரோடுன்னு சொல்ல வேண்டி வந்துச்சுன்னாலே அந்த டீல்ல யார் எஜமான்னு தெரிஞ்சு போச்சு.

இப்ப நீங்க கேக்கலாம், 2026 ஜனவரி 3 அன்னிக்கு அமெரிக்கா கராகஸ்ல பூந்து மதுரோவைத் தூக்கிட்டு நியூயார்க் கோர்ட்ல நிறுத்திடுச்சே, அப்போ கமலா போட்ட கணக்கு சரிதானேன்னு. பாதி சரி. ஜெயிக்கிற குதிரை மேல பணம் கட்டினாங்க, ஒத்துக்கறேன். ஆனா கராகஸ்ல இப்ப ஆக்டிங் பிரசிடென்ட் யாருன்னு பாருங்க, டெல்சி ரோட்ரிகஸ். அக்டோபர்ல துணை ஜனாதிபதியாவும் எண்ணெய் மந்திரியாவும் இருந்துக்கிட்டு டிரினிடாட் கூட இருக்கற கேஸ் ஒப்பந்தத்தை முறிக்கணும்னு மதுரோகிட்ட முன்மொழிஞ்சதே இந்த அம்மாதான். ஆட்சி மாறிடுச்சுன்னு நினைச்சா நாற்காலில உக்காந்தது அதே வீட்டு ஆள். இன்னொரு விஷயம், ரெண்டு சாவியும் இப்ப கிட்டத்தட்ட வாஷிங்டன் சொல்படிதான் ஆடும்னு வெச்சுக்கிட்டாலும் டிரினிடாட்டுக்கு அது முன்னவிட நல்லதான்னு யோசிங்க, ரெண்டு பேர்கிட்ட ஆளுக்கொரு சாவி இருந்தா ஒருத்தரைக் காட்டி இன்னொருத்தர்கிட்ட பேரம் பேசலாம், ஒரே ஆள்கிட்ட ரெண்டும் போயிட்டா அவர் வெச்சதுதான் விலை. வெனிசுவேலா கேஸை டிரினிடாட் வழியாத்தான் எடுக்கணும்னு அமெரிக்காவுக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல.

மூணாவது வழிய சீக்கிரம் முடிச்சுடறேன். கரீபியன் அமைதி மண்டலம், யார் சண்டையும் நமக்கு வேண்டாம், பேச்சுவார்த்தைல தீர்த்துக்கலாம்னு கேரிகாம் நாடுங்க 2025 அக்டோபர்ல அறிக்கை விட்டாங்க, டிரினிடாட் மட்டும் அதுல சேராம தனியா நின்னுச்சு, டிசம்பர்ல கமலா கேரிகாமை நம்பத் தகுந்த கூட்டாளி இல்லைன்னே சொல்லிட்டாங்க. உண்மையச் சொல்லணும்னா கேரிகாம் அறிக்கை கேஸும் குடுக்காது, துப்பாக்கி போட்டையும் நிறுத்தாது. ஆனா டிரினிடாட் சரக்கை அந்தத் தீவுங்களும் நிறைய வாங்குது, கடைக்காரன் வாடிக்கைக்காரன்கிட்ட போய் உன்னை நம்ப முடியாதுன்னு சொல்றது என்ன வியாபாரமோ. அதுவும் போக, மரியாதையா மாட்டேன்னு சொல்றது எப்படின்னு இதே டிரினிடாட்டுக்குத் தெரியும். 2005-ல சாவேஸ் பெட்ரோகரிபேன்னு ஒரு திட்டம் கொண்டு வந்து தீவுங்களுக்கெல்லாம் கடனுக்கு எண்ணெய் குடுத்தார், அக்கம்பக்கத்துல பெரும்பாலானவங்க ஓடிப் போய் கையெழுத்து போட்டாங்க. டிரினிடாட் பிரதமர் பேட்ரிக் மேனிங் போடல, தன் ரிஃபைனரி வியாபாரம் போயிடும்னு அவருக்குத் தெரியும். சாவேஸைத் திட்டவும் இல்ல, கால்ல விழவும் இல்ல. அதுக்கப்புறமும் ரெண்டு நாடும் எல்லையில இருக்கற கேஸ் வயலைப் பத்தி பேசிக்கிட்டுதான் இருந்தாங்க, 2010-ல ஒரு ஒப்பந்தம் கூட வந்துச்சு.

அந்த எல்லை வயல்தான் நாலாவது வழிக்கு கூட்டிட்டுப் போகுது. லோரான்-மனாட்டின்னு ஒரே வயல், நடுவுல எல்லைக்கோடு ஓடுது, மொத்தம் 10 லட்சம் கோடி கன அடி, அதுல வெனிசுவேலா பங்கு 7.3, டிரினிடாட் பங்கு 2.7. சேர்ந்து எடுக்கலாம்னு வருஷக்கணக்கா பேசினாங்க, அமெரிக்கத் தடை வந்ததும் இது நடக்காதுன்னு புரிஞ்சு போய், அவங்கவங்க பங்கை அவங்கவங்க எடுத்துக்கலாம்னு முடிவு பண்ணாங்க. பங்காளிங்க கூட்டுக் கிணத்துல சண்டை வேண்டாம்னு தனித்தனியா மோட்டார் போட்டுக்கிட்ட மாதிரி. அதுக்கப்புறம் காரியம் எவ்ளோ வேகமா நடந்துச்சுன்னு பாருங்க, 2024 ஜூலைல ஷெல் மனாட்டில காசு போடறதா இறுதி முடிவு எடுத்துடுச்சு, 2027-ல கேஸ் வரும்னு திட்டம், உச்சத்துல ஒரு நாளைக்கு 60 கோடி கன அடி. இப்ப நாடு எடுக்கறதுல கால்வாசி! இதுக்கு கராகஸ் கையெழுத்தும் வேண்டாம், வாஷிங்டன் லைசென்ஸும் வேண்டாம்.

குறை இல்லையான்னா இருக்கு. பழைய வயலெல்லாம் வருஷா வருஷம் வத்திக்கிட்டே வருது, அதனால மனாட்டி வந்தாலும் பெரும்பாலும் அந்த ஓட்டையத்தான் அடைக்கும், நின்னு போன ட்ரெய்ன் திரும்ப ஓடும்னு நான் பந்தயம் கட்ட மாட்டேன். பிபி கம்பெனியோட ஜிஞ்சர் மாதிரி இன்னும் சில வயல் வரிசைல நிக்குது, ஆழ்கடல்ல எக்ஸான்மொபிலுக்கு 2025 ஆகஸ்ட்ல பெரிய பிளாக் ஒண்ணு குடுத்திருக்காங்க, ஆனா ஆழ்கடல்ங்கறது தோண்டிப் பாத்தாதான் தெரியும், பத்து வருஷம் கூட ஆகலாம். 4 லட்சம் கோடி டிராகன்ல ரெடியா இருக்கறப்போ 2.7-க்கு சந்தோஷப்படறயான்னு கேட்டா, ஆமா, என் பீரோவுல இருக்கற 2.7 எனக்கு அடுத்தவன் லாக்கர்ல இருக்கற 4-ஐ விடப் பெருசு. 2018-ல இருந்து இன்னிக்கு வரைக்கும் டிராகன்ல இருந்து ஒரு கன அடி கூட டிரினிடாட் கரைக்கு வரல.

அதனால என் யோசனை இதுதான், போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல யாரும் என்னைக் கேக்கப் போறதில்ல, இருந்தாலும். பட்ஜெட் போடறப்போ மனாட்டியயும் மத்த சொந்த வயலயும் மட்டும் கணக்குல எழுதணும். டிராகன் வந்தா தீபாவளி போனஸ் மாதிரி, வரலைன்னா அடுப்பு எரியணும். அமெரிக்கா உதவிய வாங்கட்டும், கோஸ்ட் கார்டுக்கு போட், துறைமுகத்துக்கு ஸ்கேனர், போலீஸ் ட்ரெய்னிங், எல்லாம் வாங்கட்டும், ஆனா எது எதுக்கு எத்தனை நாளுக்குன்னு எழுதி பார்லிமென்ட்ல வெச்சுட்டு வாங்கணும். ரேடார்னா ரேடார்னு சொல்லணும். போட்டை அடிக்கறதுக்கு கைதட்டற வேலைய மட்டும் விட்டுடணும், அதுல ஒரு கன அடி கேஸும் கூடல.

கராகஸ் விஷயத்துல ரௌலி மாதிரி கட்டிப்புடிக்கவும் வேண்டாம், கமலா மாதிரி கல்லெறியவும் வேண்டாம். அதிகாரிங்க மட்டத்துல ஒரு ஃபோன் லைன் எப்பவும் அறுந்து போகாம இருக்கணும், அங்க நாற்காலில யார் இருந்தாலும் சரி. ஏன்னா கேஸ் இல்லாத விஷயம்தான் அந்தத் தண்ணில தினமும் நடக்குது. தென்மேற்கு மூலையில செட்ரோஸ், இக்காகோஸ்னு ஊருங்க, அங்க நின்னு பாத்தா எதிர்க்கரை தெரியும். அந்த மீனவங்க கொஞ்சம் தள்ளிப் போனா வெனிசுவேலாவோட தேசியக் காவல் படையான கார்டியா நேஷனல் புடிச்சுக்கிட்டுப் போய் போட்டையும் இன்ஜினையும் வெச்சுக்கும், வீட்டுல கடன் வாங்கி மீட்கணும், இது இன்னிக்கு நேத்து கதை இல்ல. அந்தப் பக்கத்துல இருந்து பசில தப்பிச்சு வர்றவங்களும் இதே வழிதான், 2019-ல ரெண்டு வாரம் கவுன்டர் தொறந்து பேர் எழுதினப்போ 16,500 பேர் வந்து நின்னாங்க. 2020 டிசம்பர்ல வெனிசுவேலா பக்கம் குய்ரியா ஊர்ல இருந்து கிளம்பின போட் கவுந்து, குழந்தைங்க உட்பட உடம்பெல்லாம் கரை ஒதுங்குச்சு. இதுக்கெல்லாம் எந்த லைசென்ஸும் வேண்டாம், ஷெல்லும் வேண்டாம், ரெண்டு கோஸ்ட் கார்டு ஆபீசர்ங்க ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தருக்கொருத்தர் ஃபோன் எடுத்தா போதும். டெல்சி ரோட்ரிகஸ்கிட்ட திரும்பப் பேச ஆரம்பிக்கிற அன்னிக்கு டிராகன் ஃபைலைக் கீழ வெச்சுட்டு முதல்ல அந்த ஃபோன் நம்பரை வாங்கிட்டு வரட்டும்.